வாசலில் கொடுத்ததும் வீட்டில் நடந்ததும்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மதிப்பாய்வுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பொருளாளர் அவர்கள் சற்று முன்பு வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்தார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கையிருப்பு என்ன என்பது பைசா சுத்தமாகத் தெரிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மக்கள் அமானத்தாகக் கொடுத்த பணத்துக்கு அந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும். எங்கள் குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை அதற்கு அடுத்த கட்டம். பணம் போய்ச் சேர்ந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது? அதை எந்த எண்ணைக் கொண்டு அறிவது? அறிந்ததை மஹல்லாவுக்கு எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி இப்போது ஏன் வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ரமலானுக்கு முன் நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுக்க வேண்டும். விதவைகளுக்கும் கணவன் கைவிட்ட சகோதரிகளுக்கும் தையல் மெஷின் கொடுக்கும் திட்டத்தைத் தொடர்வதா, அல்லது அந்தத் தொகையை மருத்துவ உதவியோடு சேர்த்துவிடுவதா என்பதே அந்த முடிவு. இரண்டு பக்கமும் நல்லெண்ணத்தோடு பேசுகிறார்கள். ஒரு பக்கத்தார் இதுவரை எத்தனை மெஷின் கொடுத்திருக்கிறோம் என்று பட்டியலைக் காட்டுகிறார்கள். மறுபக்கத்தார் மருத்துவ உதவி கேட்டு வந்து முழுத்தொகை கிடைக்காமல் திரும்பியவர்களின் பட்டியலைக் காட்டுகிறார்கள். இரண்டு பட்டியலும் உண்மை. இரண்டையும் நாள் முழுக்க வாசித்தாலும் முடிவு எடுக்க முடியாது என்பதும் உண்மை. ஏனென்றால் இரண்டுமே நமது அலுவலக வாசலில் நடந்ததை எண்ணியவை. அதற்கு அப்பால் நடந்ததைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வாசலில் எண்ணுவது சுலபம். ரசீதில் கையெழுத்து இருக்கிறது, போட்டோ இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதை எண்ணுவது சிரமம். ஆனால் நம் மார்க்க வரலாற்றிலேயே அதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களால் யமனுக்கு அனுப்பப்பட்ட முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள், உமர் (ரலி) அவர்களின் காலத்திலும் அங்கே ஜகாத் பொறுப்பில் இருந்தார்கள். ஓர் ஆண்டு வசூலான ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்குள்ள செல்வந்தரிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்குக் கொடுக்கத்தானே உங்களை அனுப்பினோம் என்று உமர் (ரலி) அவர்கள் ஆட்சேபித்தார்கள். வாங்க ஆள் இருந்தும் அனுப்பிவிடவில்லை என்று முஆத் (ரலி) பதில் தந்தார்கள். அடுத்த ஆண்டு பாதி வந்தது. மூன்றாம் ஆண்டு முழுவதும் வந்தது. அபூ உபைத் அவர்கள் கிதாபுல் அம்வாலில் பதிந்திருக்கும் செய்தி இது.

உமர் (ரலி) அவர்கள் எதைக் கேட்டார்கள் என்று கவனியுங்கள். பெரிய தொகை வந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிடவில்லை. அந்த ஊர் ஏழைகளின் நிலை என்ன என்று கேட்டார்கள். கிடைத்த பதிலும் ஓர் எண்தான்: வாங்க ஆள் குறைந்துகொண்டே போகிறது என்ற எண். நம் ஆண்டறிக்கைகளில் பயனாளிகள் எண்ணிக்கை ஏறினால் சந்தோஷப்படுகிறோம். யமனில் அது இறங்கியதுதான் நல்ல செய்தி.

இனி, நம் காலத்துக்கு வருவோம். உதவித் திட்டங்களை எண்ணிப் பார்க்கும் விஷயத்தில் எங்கள் குழு படித்தவற்றில் மிகவும் பாடம் தந்தது வங்கதேசத்துக் கதை ஒன்று. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1971 போரின்போது அங்கிருந்து ஏராளமான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் என்ற இடத்து முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களே கப்பில் எடுத்துப் புகட்டும்படி செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே இறங்கியது. ஒரு வாய்வழிக் கரைசலால் இவ்வளவு உயிர்களைக் காக்க முடியும் என்பதை உலகம் அப்போதுதான் நேரில் பார்த்தது.

மருந்து நிரூபணமாகிவிட்டது. ஆனால் அது கிராமத்துத் தாயின் கைக்குப் போக வேண்டுமே? பாக்கெட்டுகள் எட்டாத ஊர்கள், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள். ஃபஜ்லே ஹசன் ஆபித் 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980இல் இந்த வேலையில் இறங்கியது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், சுமார் அரை லிட்டர் தண்ணீர். இதை வீட்டிலேயே எப்படிக் கலப்பது என்று சொல்லிக்கொடுக்க இளம்பெண்களைப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பத்து ஆண்டுகளில் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள்.

இந்த 1 கோடியே 20 லட்சம் என்பது கேட்பதற்கு எவ்வளவு பிரமாண்டமான எண்! நாமாக இருந்தால் நோட்டீஸ் அடித்துச் சுவரில் ஒட்டியிருப்போம். ஆனால் பிராக் தன் ஊழியர்களுக்கு அந்த எண்ணை வைத்துச் சம்பளம் கொடுக்கவில்லை. போன வீடுகளை எண்ணிச் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும்? வேகமாகப் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். அதனால் வேறொன்றை எண்ணினார்கள். ஊழியர் போய் வந்து சில வாரங்கள் கழித்து, வேறொரு கண்காணிப்பாளர் அந்த வீடுகளில் ஒரு சிறு பகுதியை முன்கூட்டிச் சொல்லாமல் தேர்ந்தெடுத்துப் போவார். சொல்லிக்கொடுத்ததில் எது நினைவிருக்கிறது என்று தாயிடம் கேட்பார். கலந்து காட்டும்படியும் சொல்வார். அந்தக் கரைசலின் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போகும், ஏனென்றால் உப்பு அதிகமானால் பிள்ளைக்கே ஆபத்து. தாய்மார்கள் எவ்வளவு சரியாகச் சொன்னார்கள், செய்தார்கள் என்பதை வைத்துத்தான் கற்றுக்கொடுத்த ஊழியருக்குச் சம்பளம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர். கொடுத்தவரே போய் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் எந்த வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும், நல்லா இருக்கு" என்பார்கள். அது துஆ. அதை நாம் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் எழுத முடியாது.

தாய்மார்கள் நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பிராக் அத்தோடு நிறுத்தியிருந்தால், திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிக்கை எழுதியிருக்கலாம். அவர்கள் மூன்றாவதாக இன்னொன்றையும் கேட்டார்கள்: பிள்ளைக்கு உண்மையாகவே பேதி கண்டபோது இந்தச் சர்பத்தைக் கொடுத்தீர்களா? இங்கேதான் இடி விழுந்தது. தெரிந்தவர்கள் நிறைய, கொடுத்தவர்கள் மிகக் குறைவு.

ஏன்? விசாரித்தபோது பல காரணங்கள் தெரிந்தன. கற்றுக்கொடுத்த ஊழியர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் வேறு மருந்து தேடினார்கள். வெறும் உப்பும் வெல்லமும் எப்படி மருந்தாகும் என்ற சந்தேகம் அவர்களுக்கும் இருந்தது. அவர்களை டாக்காவில் இருந்த ஆய்வு மையத்துக்கு அழைத்துப்போய், அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். அடுத்த காரணம் ஆண்கள். பெண்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போனதால் வீட்டு ஆண்களுக்கு இது என்னவென்றே தெரியவில்லை, சந்தேகப்பட்டார்கள். அதன் பிறகு கடைவீதிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

மூன்றாவது காரணம் எங்களுக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றியது. நாம் மொத்தமாக வயிற்றுப்போக்கு என்று சொல்வதை அந்தக் கிராமத்து மக்கள் நான்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். பால்குடிப் பிள்ளைக்குத் தளர்வாகப் போவது தூத் ஹாகா. சாப்பாடு சேராமல் போவது அஜீர்ணோ. சளியும் இரத்தமுமாகப் போவது ஆமாஷா. தண்ணீராகக் கொட்டுவது மட்டுமே டயரியா. சர்பத்து டயரியாவுக்கான மருந்து என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டார்கள். டயரியாவுக்குக் கொடுத்தவர்களின் விகிதம் மற்ற மூன்றைவிட அதிகமாக இருந்தது. நான்கையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் அந்த உண்மை மறைந்துபோகும். நம் வீடுகளிலும் அப்படித்தானே? "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "சளி இருக்கிறதா, மந்தமாக இருக்கிறதா, மாந்தமா?" என்று தனித்தனியாகக் கேட்டால் பதில் வேறு. கேட்பவர் மனத்தில் உள்ள அர்த்தமும் பதில் சொல்பவர் மனத்தில் உள்ள அர்த்தமும் ஒன்றாக இல்லாவிட்டால், வரும் சதவீதத்தை எவ்வளவு நேர்த்தியாக அச்சடித்தாலும் பயனில்லை.

வங்கதேசத்தில் 1990இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 140க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். இன்று அது 30 அளவுக்கு வந்திருக்கிறது. இதை முழுக்க உப்பு, வெல்லச் சர்பத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. தடுப்பூசி வந்தது, பெண்பிள்ளைகள் படித்தார்கள், குடும்பத்தின் அளவு குறைந்தது, கழிப்பறைகள் வந்தன. எல்லாம் சேர்ந்த பலன் அது. நமது அறிக்கைகளிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். நம் டியூஷனில் படித்த பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தால் "நமது அறக்கட்டளையின் சாதனை" என்று போடுகிறோம். அதில் அந்தப் பிள்ளையின் உழைப்பு எங்கே, பள்ளிக்கூட ஆசிரியரின் பங்கு எங்கே, விடியற்காலையில் எழுப்பிவிட்ட உம்மாவின் பங்கு எங்கே?

வங்கதேசத்துக் கதையில் எண்ணப்பட்டவை மூன்று. எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை பேருக்குத் தெரிந்தது, எத்தனை பேர் செய்தார்கள். முதல் எண் நம் உழைப்பைச் சொல்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது எண்தான் திட்டத்தையே மாற்ற வைத்தது. ஒரு புள்ளிவிவரம் பயனுள்ளதா என்று பார்க்க எங்கள் குழு வைத்துக்கொண்ட சோதனை இதுதான்: இந்த எண் மோசமாக வந்தால் நாம் எதையாவது மாற்றுவோமா? மாற்ற மாட்டோம் என்றால் அதைச் சேகரிக்க வேண்டாம். ஏழை வீட்டில் உட்கார்ந்து நாற்பது கேள்வி கேட்பதும் ஒரு வகைத் தொந்தரவுதான். அன்றைக்கு அவர் வேலைக்குப் போக வேண்டியிருக்கலாம்.

கடன் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கர்ழன் ஹஸனா என்னும் வட்டியில்லாக் கடனைப் பற்றிப் பேசும்போதெல்லாம், வாங்கியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் திருப்பிக் கட்டினார்கள் என்ற எண்ணைத்தான் பெருமையாகச் சொல்கிறோம். நிதி சுழல வேண்டுமென்றால் அது அவசியம், வாங்கியவரின் நாணயத்துக்கும் அது சான்று. ஆனால் கடன் வாங்கியவரின் வாழ்க்கை உயர்ந்ததா என்று அது சொல்லாது. நகையை விற்றுக் கட்டியிருந்தாலும் கட்டியதாகத்தான் கணக்கு.

ஹைதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே கொடுத்தது வட்டிக்கடன், நமக்கு அது ஆகாது. ஆனால் அவர்கள் எண்ணிய முறையைப் பார்க்கலாம். 104 குடியிருப்புப் பகுதிகளில் 52ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. ஒன்றேகால், ஒன்றரை வருடம் கழித்து இரண்டு பக்கமும் வீடுகளில் விசாரித்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த சிலர் அதைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஆனால் சராசரிக் குடும்பத்தின் மாதச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் நிலை ஆகியவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடன் கிடைத்த பகுதியை மட்டும் பார்த்திருந்தால், காலப்போக்கில் எல்லாருக்கும் வந்த முன்னேற்றத்தையும் கடனின் பலன் என்றே எழுதியிருப்பார்கள்.

நம் மஹல்லாவில் சீட்டுக் குலுக்கி ஒரு விதவைக்குக் கொடுத்து இன்னொருவரை விடுவோம் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் நமக்கென்று ஒரு காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. மெஷின் வாங்கிய சகோதரியையும், அதே தகுதியோடு விண்ணப்பித்து இன்னும் வாங்காத சகோதரியையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்த்தால், மெஷினால் என்ன வந்தது என்று ஓரளவுக்குத் தெரியும். முழுமையான ஒப்பீடு என்று சொல்ல மாட்டோம். ஒப்பீடே இல்லாததைவிட நல்லது.

இனி, கிடைத்த எண்ணைச் சொல்லும் விதம். சரியான எண்ணைக்கூடத் தவறான எண்ணமாக மாற்றிவிட நம்மால் முடியும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு டியூஷன் வகுப்பில் 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை எழுதும்வரை தங்கியவர்கள் 22 பேர். தேறியவர்கள் 20 பேர். "91 சதவீதத் தேர்ச்சி" என்று போடலாம், பொய்யில்லை. "சேர்ந்தவர்களில் பாதிப்பேர் தேறினார்கள்" என்றும் போடலாம், அதுவும் பொய்யில்லை. நன்கொடையாளருக்கு முதல் வாக்கியம் பிடிக்கும். ஆனால் பாதியில் நின்றுபோன 18 பிள்ளைகள் யார், ஏன் நின்றார்கள் என்ற கேள்வி இரண்டாவது வாக்கியத்தில்தான் பிறக்கிறது. மாலை நேர வகுப்பு முடிந்து இருட்டில் திரும்ப வேண்டியிருந்ததால் பெண்பிள்ளைகள் நின்றிருக்கலாம். வாப்பாவின் கடைக்கு ஆள் தேவைப்பட்டு ஒரு பையன் நின்றிருக்கலாம். அந்த 18 பேரைத் தேடிப்போகாத வரை நமக்கு எதுவும் தெரியாது. எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் உடனே "எத்தனை பேரில்?" என்று கேளுங்கள். இந்த மேடையில் நாங்கள் சொன்னாலும் கேளுங்கள்.

சராசரியும் அப்படித்தான். பத்து மாணவர்களுக்குக் கல்வி உதவி. ஒருவருக்குப் பொறியியல் கல்லூரிக் கட்டணம் 60,000 ரூபாய், மற்ற ஒன்பது பேருக்குத் தலைக்கு 2,000 ரூபாய் என்று வையுங்கள். சராசரி 7,800 ரூபாய். அந்தத் தொகையை வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. "பெரும்பாலானோருக்கு 2,000, ஒருவருக்கு 60,000" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். பள்ளிப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் 4 பேரிலிருந்து 2 பேராகக் குறைந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்போம். "பாதியாகக் குறைத்தோம்" என்று பேனர் வைத்தால் கேட்பவர் மனத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தோன்றுவார்கள். சிறிய எண்களைச் சதவீதமாக மாற்றாமல் அப்படியே சொல்வதுதான் நேர்மை என்பது எங்கள் கருத்து.

ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புக் கொடுக்க இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதில் தசமப் புள்ளிகளுக்கு இடமில்லை. "பத்து வீட்டில் ஆறு வீட்டில் மெஷின் ஓடுகிறது, நான்கு வீட்டில் ஓடவில்லை" என்றால் வயதானவர் முதல் பிள்ளைகள் வரை மனத்தில் நிற்கும். கவனியுங்கள், ஓடாததையும் சேர்த்துச் சொல்கிறோம். நல்லதை மட்டும் சொல்லி வசூலித்தால் அடுத்த முறை கேட்பவர் எல்லாவற்றையும் சந்தேகிப்பார். இன்னும் முக்கியமாக, நமக்கே எதைத் திருத்துவது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொரு விஷயம், சின்ன ஊர்களில் எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய நகரத்து அறிக்கையில் "இரண்டு விதவைகளுக்கு டயாலிசிஸ் உதவி" என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நம் மஹல்லாவில் தெருப்பெயரோடு அப்படி எழுதினால், அஸருக்குள் எல்லா வீட்டிலும் பெயர் தெரிந்துவிடும். வாங்கியவரின் மானத்தை வெளியே வைத்துவிட்டு நாம் கணக்கில் சுத்தமாக இருப்பதில் என்ன பெருமை? எனவே ஐந்துக்கும் குறைந்த எண்ணிக்கையைத் தெருவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டாம், மஹல்லா மொத்தமாக மட்டும் சொல்வோம், முகம் தெரியும் போட்டோவும் வேண்டாம் என்று எங்கள் குழு பரிந்துரைக்கிறது. முழு விவரம் நிர்வாகத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். இதைச் சில நன்கொடையாளர்கள் விரும்ப மாட்டார்கள். தாங்கள் கொடுத்தது போய்ச் சேர்ந்ததற்குப் போட்டோதான் சாட்சி என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் சகோதரியின் போட்டோ, மெஷின் கொடுக்கப்பட்டதற்குச் சாட்சி. ஆறு மாதம் கழித்து அந்த மெஷினில் நூல் கோத்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சியாகாது.

இனி, தையல் மெஷினா, மருத்துவ உதவியா என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு இன்று இந்த மேடையில் பதில் சொல்ல மாட்டோம். பதில் சொல்வதற்கான எண்களை எப்படித் திரட்டுவது என்று மட்டும் சொல்கிறோம்.

மெஷின் வாங்கி ஆறு மாதம் முடிந்த எல்லா வீடுகளுக்கும் பெண் தன்னார்வலர்கள் இருவர் இருவராகப் போவார்கள். மெஷின் கொடுத்தபோது உடன் இருந்தவர்கள் இதில் போக மாட்டார்கள். கேள்விகள் நான்குதான். மெஷின் இப்போது வீட்டில் இருக்கிறதா? கடந்த 30 நாளில் எத்தனை நாள் கூலிக்குத் தைத்தீர்கள்? அதில் உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது? தைக்கவில்லை என்றால் என்ன காரணம்? நான்காவது கேள்விக்குக் கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லவில்லை, அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். தைக்கத் தெரிந்தும் துணி கொண்டுவந்து கொடுப்பார் இல்லை என்பது ஒரு காரணமாக வரலாம். கரண்ட் மோட்டார் இல்லாத மெஷின், முட்டி வலி என்றும் வரலாம். காரணம் முன்னதாக இருந்தால் தேவைப்படுவது இன்னொரு மெஷின் அல்ல, ரெடிமேட் கடைக்காரர்களிடம் பேசி ஆர்டர் பிடித்துத் தருவது. காரணம் பின்னதாக இருந்தால் ஒரு மோட்டார் வாங்கிப் பொருத்தினாலே போதும். மெஷினை விற்றுவிட்டோம் என்று யாராவது சொன்னால் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்று தன்னார்வலர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். எந்தக் கஷ்டத்தில் விற்றார் என்பதுதான் நமக்குத் தேவையான தகவல். உண்மை சொன்னதற்காக ஒருவருக்கு அடுத்த உதவி நின்றுபோனால், அதன் பிறகு இந்த மஹல்லாவில் யாரும் நமக்கு உண்மை சொல்ல மாட்டார்கள்.

மருத்துவ உதவி பெற்றவர்களிடம் கேள்வி இரண்டுதான். சிகிச்சை முழுவதும் முடிந்ததா? முடிக்க வட்டிக்குக் கடன் வாங்கினீர்களா, நகையை அடகு வைத்தீர்களா? நாம் பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, பத்துப் பேரும் மீதிக்கு அடகுக்கடைக்குப் போனார்கள் என்றால், பத்துப் பேருக்கு உதவினோம் என்ற எண் எதைக் காட்டுகிறது? அப்படித் தெரியவந்தால், குறைவான பேருக்கு முழுமையாகக் கொடுப்பதா என்ற கடினமான கேள்வியை நாம் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டியிருக்கும். ஆலிம்களிடமும் ஆலோசனை கேட்க வேண்டியிருக்கும். பணத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும் ஜகாத் நிதி தகுதியான எட்டு வகையாருக்குள்தான் போக வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு ஏற்கெனவே தனியாக வைக்கப்பட்டிருக்கிறது, அதில் மாற்றமில்லை.

ரமலான் அரிசி விநியோகம் பெரிய பட்டியல் என்பதால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. பட்டியலில் பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்று ஒவ்வொரு பத்தாவது பெயரையும் எடுத்துக்கொள்வோம். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீடு, தெரிந்தவர் வீடு என்று வசதியாக எடுத்தால் வசதியான பதில்தான் வரும். பத்தாவது பெயர் ஊர்க்கோடியில் இருந்தாலும், வீடு பூட்டியிருந்தாலும், இரண்டாம் முறை போய்ப் பார்க்க வேண்டும். கதவு பூட்டியிருப்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர்கள். அவர்களை விட்டுவிட்டால் யாருக்காக இந்தப் பட்டியலோ அவர்களே கணக்கிலிருந்து விடுபட்டுப்போவார்கள்.

இந்தச் சந்திப்புகள் ரஜப் மாதம் தொடங்கி ஷஅபான் முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும். முடிவுகளை முதலில் உதவி பெற்ற சகோதரிகளின் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, நாங்கள் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்போம். பிறகு நிர்வாகக் குழுவுக்கும், அதன் பின் இந்தச் செய்தி மடலில் ஒரே பக்கத்தில் உங்களுக்கும் வரும், இன்ஷா அல்லாஹ்.

இதற்குத் தன்னார்வலர்கள் தேவை. குறிப்பாக, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த, கேட்டதை வெளியே சொல்லாத தாய்மார்கள் தேவை. படிப்பு எட்டாம் வகுப்பு போதும், அரை நாள் பயிற்சி நாங்கள் தருகிறோம். விரும்புவோர் மஃரிபுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெண்கள் தங்கள் பெயரை மதரஸாவின் உஸ்தாபியாக்களிடம் கொடுத்தால் போதும்.

வஸ்ஸலாம்.